கல்லீரலுள் வழி கண்ட மருத்துவர் துங்

பேரரசர்களின் வரலாறுகளையும் பெரும்போர்களின் வரலாறுகளையும் நாம் பள்ளியில் படித்திருக்கின்றோம். வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் நமக்கு மனப்பாடம். ஆயின், மனித உடலினுள் மறைந்து கிடந்த வழிகளைத் தம் கைகளாலேயே தேடிக் கண்டு, அதனால் எண்ணற்ற உயிர்கள் பிழைக்க வகை செய்த ஒருவரின் வரலாறு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அத்தகைய ஒருவர்தாம் வியட்நாம் நாட்டு அறுவை மருத்துவர் தோன் தாத் துங். 1912 ஆம் ஆண்டில் பிறந்து 1982 ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருமகனாரின் வாழ்க்கையை இவ்வாண்டு விழா மலரின் வாயிலாக நம் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

சித்திரபுரத்து மலையில் வாழும் நமக்கும் ஹனோய் நகரத்து மருத்துவர் ஒருவருக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். உறவு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனிக் குடும்பம் ஒன்றில் தாய் ஒருத்தி தன் ஒன்றரை வயது மகனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வலது விலாவின் கீழே கெட்டியாக ஏதோ அவள் கையில் தட்டுப்பட்டது. மாந்தம் என்றார் ஒருவர். ஈரற்கட்டி, சூடு போட்டால் கரைந்துவிடும் என்றார் மற்றொருவர். மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார் வேறொருவர். இப்பேச்சுகளிலேயே இரண்டு மாதங்கள் கழிந்தன. பின்னர் மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்குச் சென்றபோது, கல்லீரலில் கட்டி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பத்தார் நடைப்பிணமாயினர். புற்றுநோய் என்றே அனைவரும் எண்ணினர். சோதனைகள் முடிந்த பின்னர்தான் அது புற்றுநோயன்று, தீங்கற்ற வகைக் கட்டியே என்பது தெரிந்தது. ஆயினும் அது வளர்ந்துகொண்டே போகும் இயல்புடையதாகையால் அகற்றிவிடுவதே தக்கது என்று மருத்துவர்கள் கருதினர். கட்டியோடு கல்லீரலின் ஒரு பகுதியையும் சேர்த்து அகற்றினர். இன்று அச்சிறுவன் நம் சங்கத்து ஓட்டப் பந்தயத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஓடுகின்றான்.

கல்லீரலில் பெரும்பகுதியை எடுத்த பின்னும் ஒரு குழந்தை எவ்வாறு உயிர் வாழ்கின்றது? எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்பதை மருத்துவர் எவ்வாறு அறிந்தார்? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் சென்ற வழியிலேதான் துங் அவர்களின் பெயர் நமக்குக் கிட்டியது.

அஞ்சி நின்ற காலம்

உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்த மனிதர் ஒருவரின் கல்லீரலுக்குள் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் பாய்கின்றது. இரத்தத்தில் ஊறிய மென்மையான உறுப்பு அது. கத்தி பட்டால் இரத்தம் ஓரிடத்திலிருந்தன்று, வெட்டிய பரப்பு முழுவதிலிருந்தும் பெருகும். தையலிட்டால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே அறுவை மருத்துவர்கள் வயிற்றின் ஏனைய உறுப்புகளை எல்லாம் துணிந்து தொட்ட காலத்திலும் கல்லீரலை மட்டும் தொட அஞ்சி ஒதுங்கி நின்றனர்.

1888 ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து லாங்கன்பூக் என்னும் மருத்துவர் கல்லீரலின் ஒரு பகுதியை முன்னரே திட்டமிட்டு அகற்றினார். அதன் பின் இரத்தம் பெருகவே, வயிற்றை மீண்டும் திறக்க நேர்ந்தது. எவ்வாறோ நோயாளி பிழைத்தார். 1908 ஆம் ஆண்டில் பிரிங்கிள் என்னும் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர், ஈரலுக்குள் இரத்தம் புகும் வாயிலை விரல்களால் அழுத்திப் பிடித்தால் இரத்தப் பெருக்கு அடங்கும் என்று காட்டினார். பள்ளிவாசல் மின் நிலையத்தின் நிழலில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மலையுச்சியிலிருந்து இறங்கும் பெருங்குழாயைப் பழுதுபார்க்க வேண்டுமானால் முதலில் மேலே உள்ள வால்வை அடைப்பார்கள் அல்லவா? அதுவே இது. ஆயினும் வால்வை அடைத்துவிட்டால் மட்டும் போதுமா? குழாய்கள் எந்தெந்த வழியாகச் செல்கின்றன என்ற வரைபடம் வேண்டாமா? அந்த வரைபடத்தைத் தேடித்தான் ஓர் இளைஞர் புறப்பட்டார்.

இளமையும் கல்வியும்

வியட்நாமின் தான் ஹோவா என்னும் ஊரில் 1912 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் நாள் துங் பிறந்தார். வளர்ந்தது பழைய அரச நகரமாகிய ஹூவேயில். அவரது குடும்பம் நுயென் அரச மரபைச் சேர்ந்தது. எனினும் அக்காலத்தில் வியட்நாம் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. அரசர் அரியணையில் அமர்ந்திருந்தார். அதிகாரமோ அந்நியர் கையில் இருந்தது. அரச மரபில் தோன்றிய இளைஞர்கள் அரசுப் பதவிகளை நாடிச் செல்வது வழக்கம். துங் அவ்வழியில் செல்லவில்லை. மருத்துவம் பயில விரும்பி ஹனோய் நகரத்துக்குச் சென்றார். 1930-களின் தொடக்கத்தில் அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரி பிரெஞ்சு அரசு 1902 ஆம் ஆண்டில் நிறுவியது. அங்கே பயிலும் உள்நாட்டு மாணவர்களுக்கு ஒரு தடை இருந்தது. மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராக அமர்ந்து அறுவைக் கலையை ஆழ்ந்து பயில்வதற்குரிய தேர்வு அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. துணை நிற்கலாம், கத்தியைத் தாமே பிடித்து முறையாகப் பயிலும் உரிமை இல்லை. துங் இதனை ஏற்கவில்லை. தேர்வை வியட்நாமியருக்கும் திறக்க வேண்டும் என்று வாதாடினார். இறுதியில் அது திறக்கப்பட்டது. அவரும் தேர்வெழுதி வென்று, பூ தோவான் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவரானார்.

கேட்காமல் கதவு திறவாது என்பதைத் தோட்டத்திலும் மின் நிலையத்திலும் உழைத்து வாழ்ந்த நம் முன்னோர் நன்கு அறிவர். ஆதலின் துங் அவர்களின் இந்த முதற்போராட்டத்தை நாம் எளிதில் புரிந்துகொள்ள முடியும்.

இருநூறு ஈரல்கள்

ஒரு நாள் பிணப் பரிசோதனை அறையில் துங் ஒரு காட்சியைக் கண்டார். இறந்தவரின் கல்லீரலைத் திறந்தபோது, அதன் பித்தக் குழாய்களுக்குள் உருண்டைப் புழுக்கள் நிறைந்திருந்தன. நம் ஊர்களில் நாக்குப்பூச்சி என்று கூறுகின்றோமே, அதே வகைப் புழு. குடலில் வாழும் அப்புழு குழாய் வழியே ஏறி ஈரலினுள் புகுந்திருந்தது. பிறர் முகம் சுளித்து அப்பால் சென்றிருப்பர். துங் அங்கேயே நின்றார். புழுக்கள் நுழைந்து விரித்துவிட்ட அக்குழாய்களைப் பின்தொடர்ந்து சென்றால் ஈரலின் உள்ளமைப்பு முழுவதையும் அறியலாமே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது.

அன்று தொடங்கிய வேலை 1935 முதல் 1939 வரை நடந்தது. பெரிய ஆராய்ச்சிக் கருவிகள் அவரிடம் இல்லை. எளிய சுரண்டு கத்தி ஒன்றே துணை. அதைக் கொண்டு மென்சதையை மெல்ல மெல்லச் சுரண்டி நீக்குவார். இரத்தக் குழாய்களும் பித்தக் குழாய்களும் மட்டும் கிளை கிளையாக எஞ்சி நிற்கும். அவற்றைப் பார்த்து ஒவ்வொன்றையும் வரைந்து வைப்பார். இவ்வாறு இருநூற்றுக்கும் மேற்பட்ட ஈரல்களை அவர் ஆராய்ந்தார். இருபத்து மூன்று வயதில் தொடங்கிய வேலை இருபத்தேழு வயதில் நிறைவெய்தியது. என்னே அவர் பொறுமை!

அவர் கண்டது என்ன? வெளியிலிருந்து நோக்கினால் கல்லீரல் ஒரே சதைத் திரளாகத் தோன்றுகின்றது. உள்ளேயோ அது ஒழுங்காகப் பகுக்கப்பட்டிருக்கின்றது. வாயிலில் நுழையும் குழாய்கள் மரம் போலக் கிளைக்கின்றன. ஒவ்வொரு கிளையும் தனக்கென ஒரு பகுதியைப் பெற்றிருக்கின்றது. ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் பிரிந்து பிரிந்து ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனி மடை வழியே நீர் பாய்வதைப் போன்றது இது. ஒரு பாத்தியின் மடையை அடைத்து அப்பாத்தியை மட்டும் நீக்கினால், அடுத்த பாத்திக்கு நீர் குறைவதில்லை. அவ்வாறே ஈரலின் ஒரு பகுதியை அதற்குரிய கிளையோடு அகற்றினால் எஞ்சிய பகுதிகளுக்கு ஊறு நேராது.

இக்கண்டுபிடிப்பை அவர் 1939 ஆம் ஆண்டில் தம் பட்ட ஆய்வாக அளித்தார். அவ்வாண்டிலேயே தம் ஆசிரியர் மேயர் மே என்பாரோடு சேர்ந்து, ஈரலின் உள்ளமைப்பைப் பின்பற்றி அதன் இடப் பகுதியை அகற்றிய அறுவைச் சிகிச்சை ஒன்றையும் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் பேரவைக்கு அறிவித்தார். பேரவையோ அதனை ஐயத்தோடு நோக்கியது. பாரிஸ் அறிஞர்கள் துணியாத ஒன்றைக் குடியேற்ற நாட்டின் மூலையில் இருந்த ஓர் இளைஞர் செய்துவிட முடியுமா என்ற நினைப்பும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். எவ்வாறாயினும், துங் அவ்வழியில் மேலும் செல்ல முடியாமற் போயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வரைபடங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

போர்க்களத்து மருத்துவர்

அவ்வாண்டுகளில் அவர் வாளா இருந்தாரல்லர். 1945 ஆம் ஆண்டில் வியட்நாம் விடுதலையை அறிவித்தது. நோயுற்றிருந்த தலைவர் ஹோ சி மின் அவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் பொறுப்பு துங் அவர்களுக்கு வந்தது. 1946 ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படையோடு போர் மூண்டபோது, அவர் நகரத்து வாழ்வைத் துறந்து வடக்கு மலைக்காடுகளுக்குச் சென்றார். மூங்கிற் குடிசைகளே மருத்துவமனைகள். ஊர் ஊராக மருத்துவக் கல்லூரியையும் உடன் எடுத்துச் சென்று மாணவர்களைப் பயிற்றினார்கள். அவருடைய துணைவியார் செவிலியராகப் பயின்று உடன் பணியாற்றினார். 1954 ஆம் ஆண்டில் தியன் பியன் பூ என்னுமிடத்தில் நடைபெற்ற பெரும்போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்தவர்களுள் துங் அவர்களும் ஒருவர்.

போர் முடிந்ததும் ஹனோய் திரும்பினார். தாம் மாணவராயிருந்த அதே பூ தோவான் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். பின்னர் அது வியத் துக் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. சுகாதாரத் துறையின் துணை அமைச்சர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. எனினும் அமைச்சர் நாற்காலியைவிட அறுவை மேசையே அவருக்கு உகந்த இடமாயிற்று.

நான்கு நிமிட அறுவை

இதற்கிடையில் உலகம் மெல்ல விழித்தது. 1952 ஆம் ஆண்டில் பிரான்சில் லோர்தா ஜாகோப் என்னும் மருத்துவர் கல்லீரலின் வலப் பகுதியை முறையாக அகற்றிப் புகழெய்தினார். 1950-களில் குயினோ என்னும் மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் ஈரலை எட்டுக் கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் பகுப்பு அதுவே. ஆயினும் பிரெஞ்சு முறை அறுவை பல மணி நேரம் நீடித்தது. முதலில் ஈரலுக்கு வெளியே இருக்கும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்ட வேண்டும். பின்னரே வெட்ட வேண்டும்.

துங் வேறு வழி கண்டார். ஈரலின் வாயிலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து இரத்தம் புகாமல் நிறுத்துவார். பின்னர்க் கத்தியை விடுத்து விரல்களால் மென்சதையைப் பிதுக்கிப் பிரிப்பார். மென்சதை விலகும், உறுதியான குழாய்களோ அறுபடாமல் நிற்கும். நம் இல்லத்துப் பெண்மணிகள் புளி கரைக்கும்போது சதை கரைந்து நார் மட்டும் விரலில் தங்குவதைக் கண்டிருப்பர். அதுவே இங்கும் நிகழ்கின்றது. அவ்வாறு எஞ்சி நிற்கும் குழாய்களை ஈரலுக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கட்டி அறுத்துவிடலாம். எந்தக் குழாய் எங்கே வரும் என்பது இருநூறு ஈரல்களைச் சுரண்டிப் பார்த்த அவ்விரல்களுக்குத் தெரியும். ஆகவே மணிக்கணக்கில் நீண்ட வேலை நான்கு முதல் எட்டு நிமிடங்களில் முடிந்தது!

விரலால் பிரிக்கும் முறையைத் தைவான் நாட்டு மருத்துவர் லின் என்பாரும் 1958 ஆம் ஆண்டிலேயே எடுத்துக் கூறியிருந்தார் என்பதை இங்குச் சொல்லிவிடுதல் முறை. அதனை ஈரலின் உள்வரைபடத்தோடு இணைத்து ஒழுங்கான முறையாக்கியதே துங் அவர்களின் பெருமை. 1963 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் என்னும் மருத்துவ ஏடு அவருடைய கட்டுரையை வெளியிட்டது. இளைஞராயிருந்த காலத்தில் கேட்க மறுத்த உலகம் இப்போது காது கொடுத்துக் கேட்டது.

அவ்வாண்டுகளிலும் அவர் நாடு அமைதியாயில்லை. அமெரிக்க விமானங்கள் ஹனோயின்மீது குண்டு பொழிந்த நாட்களிலும் அவர் மருத்துவமனை இயங்கிற்று. காடுகளை அழிக்கத் தூவப்பட்ட நச்சு மருந்துகள் மக்கள் உடலில் விளைவித்த தீங்குகளைப் பற்றியும் 1970-களில் ஆராய்ந்தார். 1977 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் பேரவை அவருக்கு லான்லோங் பதக்கத்தை வழங்கிச் சிறப்பித்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஐயுற்ற அவையே இப்போது எழுந்து நின்று போற்றியது. வாய்மையும் உழைப்பும் ஒருபோதும் வீண்போகா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

குழந்தைகளுக்கு வந்த பயன்

துங் அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் வளர்ந்தவர்களே. ஆயினும் அவர் திறந்த வழியின் பயனைக் குழந்தைகள் மிகுதியாகப் பெற்றனர் என்றே கூற வேண்டும். காரணத்தைக் கேளுங்கள். ஐந்து கிலோ எடையுள்ள ஒரு பச்சிளங் குழந்தையின் உடலில் மொத்தம் ஏறக்குறைய 400 மில்லி லிட்டர் இரத்தமே உண்டு. நாம் காப்பி அருந்தும் இரண்டு பெரிய டம்ளர்களின் அளவுதான். வளர்ந்தவர் தாங்கிக்கொள்ளும் இரத்த இழப்பு அக்குழந்தைக்கு உயிரிழப்பாகிவிடும். ஆகவே குழாய் எங்கே இருக்கின்றது என்பதை முன்னரே அறிந்து, சொட்டு இரத்தமும் வீணாகாமல் அகற்றும் கலை இல்லாவிடில், குழந்தையின் கல்லீரலை எவரும் தொட இயலாது. இக்காலத்தில் விரலுக்குப் பதிலாக ஒலியலைக் கருவி மென்சதையைப் பிரித்து உறிஞ்சி எடுக்கின்றது, குழாய்களை விட்டுவிடுகின்றது. கருவி புதிது. அடிப்படை ஒன்றே.

குழந்தைகளின் கல்லீரலில் தோன்றும் கட்டிகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புற்றுநோயல்லாத தீங்கற்ற கட்டிகள். அவையும் பலவகைப்படும். கைக்குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது இரத்தக் குழாய்க் கட்டி. முதலாண்டில் வளரும்; பின்னர்த் தானே சுருங்கும். சிறியதாயின் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பெரிதாயின் இதயத்துக்குப் பளுவாகும். 2008 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர்கள், இதய நோய்க்குத் தரப்பட்டுவந்த புரோப்ரனலால் என்னும் மருந்து இத்தகைய கட்டிகளைச் சுருக்குகின்றது என்று கண்டனர். அதன் பின் பல குழந்தைகளுக்குக் கத்தியே வேண்டாதாயிற்று.

மற்றொரு வகை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படும் ஹமார்ட்டோமா என்னும் கட்டி. நீர்ப்பைகள் நிறைந்து விரைவில் பெருக்கும், வயிறு உப்பிவரும். தாய்க்குப் பெரும்பாலும் குளிப்பாட்டும்போதே தெரியவரும். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும், வலி இராது. இதனை முழுவதும் அகற்றுவதே வழக்கம். விட்டுவைத்தால் மேலும் வளரும். அரிதாகப் பிற்காலத்தில் தீய கட்டியாக மாறுதலும் உண்டு. முடிச்சு போன்ற வேறொரு வகைக் கட்டியும் உண்டு. அது துன்பம் தராதவரை அதனைத் தொடாமலே விட்டுவிடுவர்.

எது எவ்வகை என்பதைக் கையால் தொட்டு எவரும் கூறிவிட முடியாது. ஒலியலைப் படமாகிய ஸ்கேன் எடுக்க வேண்டும். இரத்தத்தில் ஆல்பா பீட்டோ புரோட்டீன் என்னும் பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கு அது இயல்பாகவே மிகுந்திருக்குமாதலால் வயதையும் சேர்த்தே கணக்கிடுவர். சிலபோது கட்டியில் சிறிது சதை எடுத்து ஆராயவும் நேரும். இவற்றுக்கெல்லாம் குழந்தை அறுவை மருத்துவத் துறை அமைந்த பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். கோட்டயம் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் மருத்துவமனையும், சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் மருத்துவமனையும், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் நாம் அறிந்தவைதாமே.

அறுவை எளிய செயல் என்று நாம் கூறவில்லை. இரத்தப் பெருக்கும் பித்தக் கசிவும் நேரக்கூடும். தீவிரக் கண்காணிப்பும் வேண்டும். ஆயினும் இயற்கை கல்லீரலுக்கு ஓர் அரிய வரத்தை அளித்திருக்கின்றது. நலமான கல்லீரலில் முக்காற்பங்கு வரை அகற்றினாலும் எஞ்சியது சில வாரங்களிலும் மாதங்களிலும் வளர்ந்து தேவையான அளவை எட்டிவிடும். கவாத்து செய்த தேயிலைச் செடி மீண்டும் தழைப்பதை ஆண்டுதோறும் காணும் நமக்கு இது வியப்பாயிராது. ஆயின் கவாத்து அறிந்தவன் கையில்தான் கத்தி இருத்தல் வேண்டும்! எங்கே வெட்ட வேண்டும் என்று அறியாதவன் வெட்டினால் செடி பட்டுப்போகும். அந்த அறிவைத் தந்தவர்களுள் முதல்வர் வரிசையில் நிற்பவரே நம் துங்.

நாம் கற்க வேண்டுவன

1982 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள், எழுபதாம் ஆண்டு நிறைவுக்கு மூன்று நாட்கள் இருக்கையில், துங் ஹனோயில் உயிர் நீத்தார். தியன் பியன் பூ போர் முடிந்ததும் மே மாதம் 7 ஆம் நாளே. அவருடைய மகன் தோன் தாத் பாக் அவர்களும் அறுவை மருத்துவராகிப் புகழ் பெற்று, ஹனோய் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்கி, 2004 ஆம் ஆண்டில் காலமானார்.

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ள வேண்டிய பாடங்கள் இரண்டு என்று கருதுகின்றோம்.

முதலாவது பெற்றோருக்கு. குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் அதனை அழுத்தித் தேய்க்காதீர்கள். சூடு போடுதல் என்னும் கொடுமை வேண்டவே வேண்டாம். தோல் வெந்து புண்ணாகுமேயன்றி உள்ளிருக்கும் கட்டி ஒரு நூலளவும் கரையாது. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று அழுது அமர்ந்துவிடவும் வேண்டாம். அது தீங்கற்றதாயிருக்கலாம், மருந்துக்கே சுருங்கலாம், அகற்றினாலும் ஈரல் மீண்டும் வளரும். தீய கட்டியேயாயினும் விரைந்து சென்றோருக்கே மருத்துவம் துணை நிற்கும். ஆகவே செய்யத்தக்கது ஒன்றே: அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரப்படும் பூச்சி மாத்திரையையும் அலட்சியம் செய்யாது பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஈரலினுள் ஏறிய புழுக்களைக் கண்டுதான் துங் தம் வேலையைத் தொடங்கினார் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது நம் பிள்ளைகளுக்கு. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் மலையேறி வந்த நம் பாட்டன்மார், எழுத்தறியாவிடினும் விரல்களின் திறத்தால் வாழ்ந்தவர்கள். கொழுந்து எது, முற்றிய இலை எது என்பதைக் கண்ணால் நோக்குமுன்னரே நம் அன்னையரின் விரல்கள் அறிந்துகொள்ளும். அத்தகைய விரல்களின் திறத்தோடு கல்வியும் சேர்ந்தால் எத்தகைய பெருஞ்செயலைச் செய்யலாம் என்பதற்குத் துங் அவர்களின் வாழ்க்கை எடுத்துக்காட்டு. அவரிடம் உயர்ந்த கருவி இல்லை. நாட்டுக்கு விடுதலை இல்லை. தேர்வெழுதும் உரிமைகூடத் தொடக்கத்தில் இல்லை. சுரண்டு கத்தி ஒன்றும் தளராத ஊக்கமுமே இருந்தன. வசதி இல்லை என்று சோர்ந்து நிற்கும் நம் மாணவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இச்சித்திரபுரத்து மண்ணிலிருந்தும் நாளை ஒரு மகனோ மகளோ குழந்தை அறுவை மருத்துவராகி, கம்பளியில் சுற்றிய குழந்தையோடு மலையிறங்கும் ஒரு தாயின் கண்ணீரைத் துடைக்கும் நாள் வருமாக!

உயிர் காத்த அவ்விரல்களை வணங்குவோம். மருத்துவர் துங் அவர்களின் புகழ் வாழ்க! நம் குழந்தைச் செல்வங்கள் நீடு வாழ்க!